வேண்டாம் என்று சொல்லும் உரிமை யாருக்கு?

திருப்பூரைச் சுற்றியுள்ள ஊர்களில் ஒரே மாதிரியான தட்டிகளைப் பார்க்கிறோம். ஊர்ப்பெயர் மட்டும் மாறுகிறது. "எங்கள் ஊருக்குக் குப்பைக் கிடங்கு வேண்டாம்", "எங்கள் மண்ணில் கழிவுநீர் நிலையம் வேண்டாம்" என்று அவற்றில் எழுதியிருக்கிறது. 2025-ஆம் ஆண்டில் முதலிபாளையம் பாறைக்குழியில் மாநகராட்சிக் குப்பையைக் கொட்டுவதை எதிர்த்துச் சுற்றுவட்டார மக்கள் தெருவுக்கு வந்தார்கள். பிறகு இடுவாய் ஊராட்சியின் சின்னக்காளிபாளையத்திலும் அதே குரல் எழுந்தது. தோட்டத்துக் கிணறு கெட்டுவிடும், ஈ மொய்க்கும், நாற்றத்தில் குழந்தைகள் தூங்க முடியாது, அமைதியாக இருந்த ஊர் அழிந்துவிடும் என்பது மக்களின் அச்சம்.

அந்த அச்சம் நியாயமானது. நொய்யலின் கதையைத் தெரிந்த எவரும் அதைக் கேலி செய்ய முடியாது. சுத்திகரிப்போம் என்று சொல்லிவிட்டுச் சுத்திகரிக்காமல் விட்டதை இந்த மாவட்டம் முப்பது ஆண்டுகளாகப் பார்த்து வந்திருக்கிறது. ஆகவே போராடுகிற மக்களின் பக்கம் இந்தப் பத்தி நிற்கிறது. ஆனால் அவர்களிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. உங்கள் ஊரிலிருந்து விரட்டப்பட்ட திட்டம் அடுத்து எங்கே போகும்? அது போய் இறங்கும் இடத்தில் இருப்பவர்களுக்கு உங்களைப்போல் தட்டி கட்டவும், சாலையில் உட்காரவும், ஆட்சியரைச் சந்திக்கவும் வலிமை உண்டா?

பல நேரங்களில் அது போய் இறங்கும் இடம் காலனி ஓரம். அங்கே குடியிருப்பவர்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். சொன்னார்கள். அது கேட்கும் தூரத்தில் எவரும் இல்லை.

நிலப்படத்தில் இருக்கும் சாதி

ஒரு சுத்திகரிப்பு நிலையமோ குப்பைக் கிடங்கோ எங்கே வருவது என்பது எப்படி முடிவாகிறது? எந்த அதிகாரியும் "இதைச் சேரி ஓரம் போடுங்கள்" என்று கோப்பில் எழுதுவதில்லை. அப்படி எழுதத் தேவையும் இல்லை. முதலில் அரசுக்குச் செலவு குறைய வேண்டும். பட்டா நிலத்தை வாங்கினால் இழப்பீடு, வழக்கு, காலதாமதம். அதனால் புறம்போக்கு தேடுகிறார்கள். அடுத்ததாக அது ஊருக்கு வெளியே இருக்க வேண்டும். மூன்றாவதாக, கழிவுநீர் தானாக வழிந்து வரத் தாழ்வான பகுதியாக, ஓடையோ குளமோ அருகில் உள்ளதாக இருக்க வேண்டும்.

ஊருக்கு வெளியே, தாழ்வான இடத்தில், ஓடை ஓரத்தில், புறம்போக்கை ஒட்டி யார் குடியிருக்கிறார்கள்? தமிழ்நாட்டின் எந்தக் கிராமத்துக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். ஊர் மேட்டில் இருக்கும். காலனி பள்ளத்தில் இருக்கும். தலைமுறை தலைமுறையாக ஊருக்குள் இடம் மறுக்கப்பட்ட மக்கள் எங்கே ஒதுங்கினார்களோ, பெரும்பாலும் அந்த இடத்தை ஒட்டியே பின்னாளில் அரசும் இலவச மனைப்பட்டா கொடுத்தது. அதற்குப் பிறகு வந்த இன்னொரு துறை, "இங்கேதான் அரசு நிலம் இருக்கிறது" என்று சொல்லி அதே இடத்தில் கழிவுத் திட்டத்தைக் கொண்டுவருகிறது. இரண்டு முடிவுகளிலும் எவருக்கும் கெட்ட எண்ணம் இல்லாமல் இருக்கலாம். ஆனால் சாதி ஏற்கெனவே நிலப்படத்தில் ஏறியிருக்கிறது. அளவுகோலை வைத்துக் கோடு போட்டால் அது சாதி வழியாகத்தான் போகும்.

போராட்டக் கூட்டங்களிலும் இது நடக்கிறது. "இங்கே வேண்டாம், அந்தப் பக்கம் புறம்போக்கு சும்மாதானே கிடக்கிறது, அங்கே போடுங்கள்" என்று ஒருவர் எழுந்து சொல்வார். அந்தப் பக்கம் என்று அவர் கை காட்டும் திசையில் சிலருடைய வீடு இருக்கிறது. அந்த வீட்டுக்காரர் கூட்டத்தின் கடைசி வரிசையில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். நாளைக் காலை அதே தோட்டத்துக்கு அவர் வேலைக்குப் போக வேண்டும். அவர் என்ன பேசுவார்?

நொய்யல் சொல்லும் கணக்கு

நம் மாவட்டத்து மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய வரலாறு ஒன்று உண்டு. பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு வேண்டும். சாயம் ஏறிய பிறகு அந்த உப்பு தண்ணீரோடு வெளியே வருகிறது. வண்ணத்தை ஓரளவு நீக்கலாம், கசடைப் படிய வைக்கலாம். ஆனால் கரைந்த உப்பை நீக்குவது எளிதல்ல. 1990-களில் திருப்பூரில் பட்டறைகள் கூட்டாகச் சேர்ந்து பொது சுத்திகரிப்பு நிலையங்களை அமைத்தன. மண்ணரையின் பெயரிலேயே அப்படி ஒரு நிலையம் உண்டு. அன்றைய நிலையங்கள் வண்ணத்தைக் குறைத்தன; உப்பு அப்படியே நொய்யலில் இறங்கியது. வெளியேறும் நீரில் கரைந்திருக்கும் உப்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. அந்த விதி ஆண்டுக்கணக்கில் காகிதத்திலேயே இருந்தது.

கீழே சென்னிமலை அருகே பாசனத்துக்காகக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் குட்டையாக மாறியது. கிணறுகள் உவர்ந்தன. விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். தோல் பதனிடும் ஆலைகள் தொடர்பான வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, மாசுபடுத்தியவரே விலை கொடுக்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் உறுதியாக நிலைநாட்டியது. அந்தத் தீர்ப்பின் வழியே அமைந்த சூழல் இழப்பு ஆணையம் நொய்யல் பகுதியையும் ஆராய்ந்தது. 68 கிராமங்களைச் சேர்ந்த 28 ஆயிரத்துக்கும் மேற்பட்ட விவசாயிகளுக்கு ஏறக்குறைய 25 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2004-இல் முடிவு செய்தது.

இது விவசாயிகளுக்குப் பெரிய வெற்றி. அதை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இழப்பீடு எப்படிக் கணக்கிடப்பட்டது? நிலத்தை வைத்து. எத்தனை ஏக்கர் கெட்டது, எந்தப் பயிர் போனது என்பதை வைத்து. ஏக்கர் இல்லாதவருக்கு அந்தக் கணக்கில் வரிசையே இல்லை. தோட்டம் வறண்டபோது தோட்டக்காரருக்கு விளைச்சல் போனது; அங்கே களை எடுத்தவருக்கும் மடை திருப்பியவருக்கும் கூலி போனது. கிணற்று நீர் உவர்த்தபோது நிலமுள்ளவர் ஆழ்துளைக் கிணறு போட்டார், இல்லையென்றால் லாரித் தண்ணீர் வாங்கினார். காலனிப் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு இன்னும் தூரம் நடந்தார்கள். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் 20 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். அவர்களிடம் உள்ள விளைநிலம் அந்த விகிதத்தில் பாதிகூட இல்லை. நிலத்தை மட்டும் அளவாக வைத்து எழுதப்படும் எந்த இழப்பீடும் இந்த மக்களைத் தாண்டித்தான் போகும்.

பிறகு நடந்ததும் எல்லோருக்கும் தெரியும். சொட்டுக் கழிவும் ஆற்றில் விடக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2006-இல் உத்தரவிட்டது. 2009-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அப்போதும் நிலைமை மாறாததால் 2011 ஜனவரி 28 அன்று சாய, சலவைப் பட்டறைகளையும் பொது நிலையங்களையும் மூட உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. எழுநூறுக்கும் அதிகமான பட்டறைகள் ஒரே அடியாக நின்றன. ஆற்றுக்கு அது தேவையான ஆணை. ஆனால் மூடியதும் முதலில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர் வண்டி தள்ளியவர், துணி அலசியவர், தொட்டி கழுவியவர். ஆறு கெட்டபோது கூலி இழந்த அதே மக்கள், ஆற்றைக் காக்க எடுத்த நடவடிக்கையிலும் கூலி இழந்தார்கள். இரண்டு முறையும் அவர்களுக்கென்று ஒரு கணக்குப் புத்தகம் திறக்கப்படவில்லை.

தொட்டிக்குள் இறங்குகிறவர்

அமைதியான ஊரில் சுத்திகரிப்பு நிலையம் வேண்டாம் என்று சொல்லும்போது நாற்றத்தைப் பற்றிப் பேசுகிறோம். அந்த நாற்றத்துக்கு உள்ளே வேலை செய்பவரைப் பற்றிப் பேசுவதில்லை.

2025 மே மாதம் பல்லடம் அருகே கரைப்புதூரில் ஒரு சாயப்பட்டறையின் கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்யப் போனவர்கள் விஷவாயு தாக்கி மயங்கினார்கள். மூன்று பேர் இறந்தார்கள். இப்படி ஒரு செய்தி வரும்போது நாளிதழ்களில் அதைப் 'பரிதாபம்' என்று எழுதுகிறோம். அது பரிதாபம் மட்டும் அல்ல. காற்றுப் புகாத தொட்டியில் தேங்கிய சேற்றில் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு உருவாகும். சேற்றைக் கிளறியதும் அது மொத்தமாக எழும்பும். அளவு கூடினால் மூக்கு அந்த நாற்றத்தை உணரும் திறனையே இழந்துவிடும். அடுத்த சில மூச்சில் ஆள் சாய்வார். அவரைத் தூக்க இறங்குபவரும் சாய்வார். அதனால்தான் இந்தச் சாவுகள் ஒன்றொன்றாக நிற்காமல் இரண்டு மூன்றாக வருகின்றன. பள்ளி வேதியியல் பாடத்தில் உள்ள விஷயம் இது. தெரியாமல் நடந்தது என்று எந்த நிர்வாகமும் சொல்ல இடமில்லை.

கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் சட்டம் 2013-இல் வந்தது. பாதுகாப்புக் கருவி இல்லாமல் சாக்கடையிலும் கழிவுத் தொட்டியிலும் ஆளை இறக்குவது அதன்படி குற்றம். 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சாக்கடைச் சாவு ஒவ்வொன்றுக்கும் 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்றது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தொகை ஏறிக்கொண்டே போகிறது, இறங்குவதும் நின்றபாடில்லை. கொங்குப் பகுதியில் துப்புரவுப் பணியில் அருந்ததியர் மக்களே மிகுதியாக இருக்கிறார்கள். பனியன் கம்பெனி வந்தாலும், சாயப்பட்டறை வந்தாலும், நவீன சுத்திகரிப்பு நிலையம் வந்தாலும், அதில் கடைசி வேலை எது என்று தேடி அதை இந்த மக்களின் கையில் கொடுப்பது மட்டும் மாறவில்லை.

அப்படியானால் நிலையமே வேண்டாமா?

இங்கேதான் தலித் மக்களுக்கான ஒரு பத்தி மற்றவர்களிடமிருந்து சற்று விலகிப் பேச வேண்டியிருக்கிறது. சுத்திகரிப்பு நிலையமே வேண்டாம் என்று நாம் சொல்ல முடியாது. அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை நம்மைவிட நன்றாக அறிந்தவர் எவரும் இல்லை.

நிலையம் இல்லாத ஊரில் செப்டிக் டேங்க் லாரி இரவில் எங்கே திறந்துவிடப்படுகிறது? ஓடையில். ஓடை ஓரம் யார் இருக்கிறார்கள்? பாதாளச் சாக்கடை இல்லாத தெருவில் அடைப்பு எடுக்க யாரைக் கூப்பிடுகிறார்கள்? குப்பையைத் தரம் பிரிக்கும் இடம் இல்லாத ஊரில் அது எங்கே எரிக்கப்படுகிறது, அந்தப் புகை யார் வீட்டுக்குள் நுழைகிறது? கழிவு எப்போதும் எங்காவது போய்க்கொண்டுதான் இருக்கிறது. நிலையம் வேண்டாம் என்று சொல்லும் மேட்டுத்தெரு வீட்டிலும் கழிப்பறை இருக்கிறது. அந்த வீட்டுக் கழிவு பள்ளத்துக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது.

ஆகவே ஒழுங்காக நடக்கும் சுத்திகரிப்பு நிலையம் என்பது முதன்மையாக நம் மக்களின் தேவை. கருங்குழி, பெரியநாயக்கன்பாளையம் போன்ற பேரூராட்சிகளில் மலக்கசடுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்திருக்கின்றன. சாயக்கழிவிலும் 2011-க்குப் பிறகு தொழில்நுட்பம் மாறியிருக்கிறது. நுண்ணுயிர்த் தொட்டிகளைக் கடந்த நீர் ஆர்.ஓ. சவ்வுகள் வழியே போகிறது. நல்ல நீர் பட்டறைக்கே திரும்புகிறது. மிஞ்சும் உப்புநீரைக் கொதிக்க வைத்து ஆவியாக்கி உப்பைப் பிரிக்கிறார்கள். செய்ய முடியாதது என்று ஒரு காலத்தில் சொன்னதை நீதிமன்றத்தின் நெருக்கடியில் செய்து காட்டினார்கள்.

ஆனால் இந்த ஏற்பாட்டில் மூன்று ஓட்டைகள் உண்டு. ஒன்று, ஆவியாக்கும் இயந்திரத்துக்கு எரிபொருளும் மின்சாரமும் அதிகம் வேண்டும். செலவை மிச்சம் பிடிக்க நினைப்பவருக்கு மழைநாள் இரவு ஒரு வாய்ப்பு. இரண்டு, பிரிக்க முடியாத கலப்பு உப்பும் சேறும் மூட்டை மூட்டையாகக் குவிகின்றன. அவற்றைப் பாதுகாப்பாக அகற்றாவிட்டால் ஆற்றில் விடாத விஷத்தைக் கொட்டகையில் சேர்த்து வைத்ததாகிறது. மூன்று, தொட்டிகளைச் சுத்தம் செய்வது. இயந்திரம் வாங்குவதைவிட ஆள் மலிவு என்று நினைக்கும் வரை கரைப்புதூர் மறுபடி நடக்கும். ஒரு நிலையம் நல்லதா கெட்டதா என்பதை அதன் திறப்பு விழாக் கல்வெட்டு சொல்லாது. இந்த மூன்று இடங்களில் போய்ப் பார்த்தால் தெரியும்.

சட்டம் தரும் கைப்பிடிகள்

மாணவர்களே, காலனியில் முதன்முதலாகக் கல்லூரி வாசல் மிதித்தவர்களே, இந்தப் பகுதி உங்களுக்கானது.

சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை 2006-இல் வெளியானது. பொது சாயக்கழிவு நிலையங்களும் மாநகரக் குப்பை மேலாண்மை மையங்களும் அப்போது அதில் முன் அனுமதி பெற வேண்டிய திட்டங்களாகச் சேர்க்கப்பட்டன. மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் தேவைப்படும் திட்டத்துக்கு, குறைந்தது 30 நாள் முன்பே உள்ளூர் மொழி நாளிதழ் உட்பட விளம்பரம் தர வேண்டும். கூட்டத்தில் பேசியவை பதிவாக வேண்டும். முடிவில் அதன் சுருக்கத்தை மக்கள் மொழியில் வாசிக்க வேண்டும். அந்தக் கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் பேசலாம். நிலம் இருக்க வேண்டும் என்றோ வரி ரசீது காட்ட வேண்டும் என்றோ விதி இல்லை.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையும் படியுங்கள். பட்டியல் சாதியினரின் வளாகத்திலோ வாசலிலோ மலம், கழிவுநீர், செத்த விலங்கு போன்றவற்றைக் கொட்டுவதை 2015 திருத்தம் தெளிவாகக் குற்றமாக்குகிறது. அவர்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் நீர்நிலையைக் கெடுப்பதும் குற்றம். ஒரு ஆள் குடத்தில் கொண்டுவந்து கொட்டினால் வழக்குப் போட இந்தச் சட்டம் போதும். ஒரு திட்டம் குழாய் வழியே கொட்டும்போது யார் மீது வழக்கு என்பதுதான் இன்னும் விடை கிடைக்காத கேள்வி. சட்டம் படிக்கும் நம் பிள்ளைகள் அந்தக் கேள்வியை நீதிமன்றத்துக்கு எடுத்துப் போக வேண்டும்.

ஊராட்சியில் இருப்பவர்களுக்குக் கிராம சபை இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களை மறக்க வேண்டாம். ஆனால் மண்ணரை போன்ற பகுதிகளின் நிலை வேறு. ஊராட்சியாக இருந்த மண்ணரை 2011-இல் திருப்பூர் மாநகராட்சியோடு சேர்ந்தது. சேர்ந்தபோது ஊருக்குத் தார்ச் சாலையும் தெருவிளக்கும் கூடுதலாக வரும் என்றார்கள். கிராம சபை போய்விடும் என்பதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை. ஊர் மாநகராட்சியானாலும் ஊருக்கும் காலனிக்கும் இடையே இருந்த தூரம் குறையவில்லை. பேசுவதற்கு இருந்த ஒரு மேடைதான் குறைந்தது. நகர்ப்புறத்துக்காக வார்டு குழு, பகுதி சபை விதிகளை 2022-இல் தமிழக அரசு கொண்டுவந்தது. அந்தச் சபை எப்போது கூடுகிறது, காலனித் தெருவுக்கு அறிவிப்பு வந்ததா, தீர்மானப் புத்தகத்தில் என்ன எழுதினார்கள் என்று கேட்க ஒரு தகவல் உரிமை மனு போதும். பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாளில் பதில்.

தொலைவில் இருந்து இரண்டு பாடங்கள்

1982-இல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் வாரன் மாவட்டம் என்ற ஏழை விவசாயப் பகுதியில் நச்சு மண்ணைக் கொட்டக் குழி வெட்டினார்கள். அங்கே பெரும்பான்மையினர் கறுப்பின மக்கள். லாரிகளுக்கு முன்னால் சாலையில் படுத்தார்கள். ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். குழியைத் தடுக்க முடியவில்லை. ஆனால் நாடு முழுவதும் நச்சுக் குப்பைகள் எந்த மக்களின் பக்கத்தில் கிடக்கின்றன என்று ஒரு கிறித்தவத் திருச்சபையின் ஆணையம் கணக்கெடுத்தது. அந்த இடங்கள் எங்கே அமைகின்றன என்பதோடு இனம்தான் மிக நெருக்கமாகப் பொருந்துகிறது என்று 1987-இல் அது அறிக்கை வெளியிட்டது. அதற்குப் பிறகு 'அங்கே நிலம் மலிவு' என்ற பதிலை மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாமல் போனது. நம் மாவட்டத்துக்கு அப்படி ஒரு கணக்கு இன்னும் இல்லை.

இரண்டாவது பாடம் அண்டை மாநிலத்தில் இருந்து. திருவனந்தபுரம் நகரத்தின் குப்பைக்காக விளப்பில்சாலை என்ற கிராமத்தில் ஆலை அமைத்தார்கள். ஆலை என்ற பெயரில் குப்பைமேடு வளர்ந்தது. கசிவுநீர் ஓடையில் இறங்கியது. மக்கள் போராடி 2011 இறுதியில் அதை மூட வைத்தார்கள். மூடியதும் நகரத்துக்கு வேறு கிராமம் கிடைக்கவில்லை. அதனால் வீட்டிலேயே மக்கும் குப்பையை உரமாக்கும் தொட்டிகளையும், வார்டு தோறும் சிறு மையங்களையும் நகரம் அமைக்க வேண்டி வந்தது. ஒரு கிராமம் மறுத்தபோது இன்னொரு கிராமம் அகப்படாததால்தான் நகரம் தன் குப்பையைத் தானே திரும்பிப் பார்த்தது. இதைத் திருப்பூர் கவனிக்க வேண்டும். நாள்தோறும் நூற்றுக்கணக்கான டன் குப்பையை உருவாக்கிவிட்டுப் பாறைக்குழி தேடி அலையும் மாநகராட்சி, இந்தக் கிராமம் இல்லாவிட்டால் அடுத்த கிராமம் என்ற நம்பிக்கையில்தான் அலைகிறது.

என்ன கேட்க வேண்டும்?

அரசிடமும் மாநகராட்சியிடமும் நாம் கேட்பவை இவை.

முதலாவதாக, திருப்பூர் மாவட்டத்தில் உள்ள எல்லாக் கழிவுநீர் நிலையங்கள், குப்பைக் கிடங்குகள், மயானங்கள், இறைச்சிக் கூடங்கள் ஆகியவற்றையும் அவற்றிலிருந்து அரைக் கிலோமீட்டருக்குள் உள்ள குடியிருப்புகளையும் ஒரே வரைபடத்தில் குறித்து வெளியிட வேண்டும். அந்த வரைபடமே பாதி உண்மையைச் சொல்லிவிடும்.

இரண்டாவதாக, புதிய இடம் தேர்வு செய்யும்போது ஏற்கெனவே ஒரு கழிவுத் திட்டத்தைச் சுமக்கும் குடியிருப்பின் அருகே இன்னொன்று கூடாது. அரசு நிலம் இருக்கிறது என்பது மட்டும் காரணமாக இருக்கக்கூடாது. வேண்டியிருந்தால் பட்டா நிலத்தைச் சந்தை விலைக்கு வாங்கட்டும்.

மூன்றாவதாக, ஒவ்வொரு நிலையத்தின் வாசலிலும் அன்றன்று வெளியேறிய நீரின் அளவையும் தரத்தையும் தமிழில் பலகையில் எழுதி வைக்க வேண்டும். சேறும் உப்பும் எத்தனை மூட்டை, எங்கே போனது என்பதும் அதில் இருக்க வேண்டும்.

நான்காவதாக, தொட்டிக்குள் ஆள் இறங்குவது எந்தச் சாக்குப்போக்கும் இல்லாமல் நிற்க வேண்டும். நிலையத்தில் இயந்திரம் இயக்குபவர், ஆய்வகத்தில் நீர் சோதிப்பவர், கணக்கு எழுதுபவர் போன்ற வேலைகளில் பக்கத்துக் காலனிப் பிள்ளைகளுக்கு முன்னுரிமை வேண்டும். நாற்றத்தைச் சுமப்பவருக்குத் துடைப்பம் மட்டும் தருவது வேலைவாய்ப்பு ஆகாது.

ஐந்தாவதாக, இழப்பீடு நிலத்தோடு நிற்கக்கூடாது. கூலி இழப்பு, தண்ணீர்ச் செலவு, மருத்துவச் செலவு ஆகியவற்றையும் கணக்கில் எடுத்து, நிலமற்ற குடும்பங்களையும் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

போராடும் ஊர்ப் பெரியவர்களிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் கிணறும் காலனிக் கைப்பம்பும் ஒரே நிலத்தடியில் இருந்துதான் நீர் எடுக்கின்றன. சாய உப்பு வேலி பார்த்து நிற்பதில்லை. அதை நொய்யல் நமக்கு முப்பது ஆண்டுகளாகக் காட்டிவிட்டது. எனவே போராட்டக் குழுவில் காலனியில் இருந்து ஆண் ஒருவரையும் பெண் ஒருவரையும் சேருங்கள். நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். கோரிக்கை மனுவில் அவர்கள் சொன்னதையும் எழுதுங்கள். மனுவின் கடைசியில் ஒரு வரி கண்டிப்பாக இருக்கட்டும்: "இத்திட்டத்தை எந்தக் குடியிருப்பின் அருகிலும் அம்மக்களின் ஒப்புதல் இல்லாமல் மாற்றக்கூடாது." அந்த வரியை எழுத ஊர் சம்மதித்தால் அது எல்லோருக்குமான போராட்டம். எழுத மறுத்தால், ஊர் எதிர்ப்பது கழிவை அல்ல, அது கிடக்கும் இடத்தை மட்டுமே என்று காலனி புரிந்துகொள்ளும்.

ஊத்துக்குளி சாலையில் நின்று பார்த்தால் ஒரு பக்கம் நொய்யல், இன்னொரு பக்கம் மக்கள் முயற்சியால் மீண்ட மூளிக்குளம். கெட்டதைச் சீராக்க முடியும் என்பதற்கும், சீராக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் மண்ணரையில் வேறு சாட்சி தேடி அலைய வேண்டியதில்லை. அடுத்த பகுதி சபை கூடும் நாளில் காலனியில் இருந்து பத்துப் பேர் போய் முன்வரிசையில் உட்கார வேண்டும். பேசத் தயக்கமாக இருந்தால் எழுதிக் கொடுங்கள். எழுதிக் கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்ப வேண்டாம்.